இடது பக்கத்து நாலு சிலிண்டர்

“ரிசப்ஷனுக்கு நான் கார்ல வந்து இறங்கும்போது ஒரு மியூசிக் ஓடணும்டா. டிரம்ஸ், கீபோர்டு ஒண்ணும் வேண்டாம். எல்லாமே என் கார் சத்தமா இருக்கணும்.”

கல்லூரி நண்பன். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. பெண் பார்த்த கதையை அரை மணி நேரத்தில் முடித்தவன், காரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர்டு மஸ்டாங், 5.0 லிட்டர் வி8, அதாவது பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர். 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாடல். மழை பெய்தால் வெளியே எடுக்க மாட்டான். வெயில் அடித்தாலும் எடுக்க மாட்டான். சென்னையில் இந்த இரண்டையும் கழித்தால் வருஷத்தில் எத்தனை நாள் மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் சீரியல்களுக்கு எஃபெக்ட்ஸ் போடுகிறவன். மாமியார் கதவைச் சாத்துவது, மருமகள் வளையல் குலுங்குவது, வில்லன் கார் வந்து நிற்பது. வில்லன் எந்தக் காரில் வந்தாலும் எங்களிடம் ஒரே சத்தம்தான். பத்து வருஷமாக அதே ஃபைல். எனவே நிஜமான ஒரு வி8-ஐப் பதிவு செய்யலாம் என்றதும் கை அரித்தது. சம்பளம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் பதிவு அவன் அபார்ட்மெண்ட் தரைத்தளப் பார்க்கிங்கில். ஞாயிறு காலை ஆறு மணி. ரெக்கார்டரை வைத்து, வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது லெவல் சரிபார்த்தேன். அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். சிவப்பு விளக்கு எரிந்ததை நான் கவனிக்கவில்லை. மேலே மூன்றாவது மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து கத்தியதைத்தான் கவனித்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால், அலை வடிவம் மேலும் கீழும் கத்தரியால் வெட்டிய மாதிரி தட்டையாக இருந்தது. மைக்குக்குத் தாங்கவில்லை, ரெக்கார்டருக்கும் தாங்கவில்லை. போதாக்குறைக்கு நாலு பக்கமும் கான்கிரீட் சுவர், எதிரொலி வேறு.

இருந்தாலும் அதில் தப்பிப் பிழைத்த சில துண்டுகளை எடுத்து சாம்ப்ளரில் போட்டேன். சாம்ப்ளர் என்றால் தெரியாதவர்களுக்கு: எந்தச் சத்தத்தையும் கீபோர்டு கட்டைகளில் பரப்பி வைக்கும் கருவி. மேல் கட்டையை அழுத்தினால் சத்தம் வேகமாக ஓடி ஸ்தாயி ஏறும், கீழ்க் கட்டையில் மெதுவாக ஓடி இறங்கும். அந்த உறுமலைப் போட்டு வாசித்துப் பார்த்தேன். மேலே போனால் கொசு, கீழே வந்தால் எருமை. நடுவில் எங்கே தொட்டாலும் கார். தாளம் சேர்த்தேன், கார். எதிரொலி சேர்த்தேன், குகைக்குள் கார்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1948-ல் பாரிஸில், பிரெஞ்சு வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷெஃபர் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார். பாட்டினோல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின்களின் சத்தத்தைப் பதிவு செய்து, அவற்றைத் துண்டாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு சிறிய இசைப்படைப்பு செய்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அது வானொலியில் ஒலிபரப்பானது. பதிவு செய்த சத்தத்தையே கச்சாப்பொருளாக வைத்து இசையமைக்கும் மரபு அங்கிருந்துதான் வேர்விட்டது என்று சொல்வார்கள். ஆனால் அவருக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. கேட்பவருக்கு ரயில் தெரிந்துகொண்டே இருக்கிறது. ரயில் தெரிகிறவரை சத்தம் சத்தமாகக் கேட்காது, கதையாகத்தான் கேட்கும் என்பது அவர் கவலை. அவர் கண்டுபிடித்த ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். மணியை அடித்து, அடி விழும் அந்த முதல் கணத்தை மட்டும் வெட்டிவிட்டால், மிச்சம் இருக்கும் ரீங்காரம் மணி போலவே இருக்காது. ஏதோ ஊதுகிற வாத்தியம் மாதிரி ஆகிவிடும். ஒரு சத்தத்தின் முகவரி அதன் தொடக்கத்தில்தான் இருக்கிறது.

கார் சத்தத்தை வைத்து நல்ல பாட்டு செய்தவர்கள் எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று அதற்குப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். டெபஷ் மோட் என்ற இங்கிலாந்து குழு 1986-ல் ‘ஸ்ட்ரிப்டு’ பாட்டின் தொடக்கத்துக்குத் தங்கள் பாடகரின் போர்ஷே 911-ஐப் பயன்படுத்தியது. எடுத்தது உறுமலை அல்ல. சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற சத்தத்தை. பாட்டு முழுக்க அடியில் ஓடும் துடிப்பு, ஐட்லிங்கில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிள், வேகத்தைக் குறைத்து வைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழு ஒரு கார் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலிய சாம்ப்ளரில் ஏற்றி அதையே தாளமாக வைத்தது. அந்தக் கால ஃபேர்லைட்டில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம்தான். நல்ல தரத்தில் எடுத்தால் அரை விநாடிச் சத்தம்தான் அதில் பிடிக்கும். அரை விநாடியில் என்ன உறுமலை வைப்பது? இல்லாமையே அவர்களுக்கு வழி காட்டியிருக்கிறது. எனக்கு ஒரு டெராபைட் இருந்தது, அதனால் வழி தெரியவில்லை.

இரண்டாவது பதிவுக்கு இருங்காட்டுக்கோட்டை போனோம். ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து இயங்கும் ரேஸ் டிராக். சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று அனுமதிக்கும் ஒரு நாளில் நண்பன் பணம் கட்டியிருந்தான். கிளம்பும்போது அப்பா வழக்கம்போலச் சொன்னார், “சோழவரத்துக்கு முன்னால இதெல்லாம் என்ன?” உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், சைக்கிளில் இரண்டு பேராகப் போய் பார்த்தவர் அவர். எந்தக் கார் ஜெயித்தது என்று கேட்டால் நினைவில்லை. சத்தத்தை மட்டும் வாயாலேயே செய்து காட்டுவார். அந்த நடிப்பைத்தான் நான் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இந்த முறை தயாராகப் போனேன். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்தேன். அதில் லெவல் கூடினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே திணறினால் எந்த ரெக்கார்டரும் காப்பாற்றாது. அதனால் புகைக்குழாய்க்கு, டிரம் செட்டின் பெரிய கிக் டிரம்முக்குள் வைக்கிற டைனமிக் மைக். குழாய்க்கு நேரே வைத்தால் காற்றுதான் பதிவாகும். ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில், ரோம உறை போட்டு. இடது குழாய்க்கு ஒன்று, வலது குழாய்க்கு ஒன்று. ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சட்டைக் காலரில் குத்துகிற சின்ன மைக் ஒன்று. எஞ்சின் மூடியில் ஒட்டவைக்க ரிச்சி தெருவில் டீ விலைக்கு வாங்கிய, அதிர்வைச் சத்தமாகப் பிடிக்கும் பியஸோ தகடு. இந்தக் கடைசி ஐட்டம் பத்து நிமிடம் உழைத்தது. பிறகு சூட்டில் டேப்பின் பசை இளகி, தகடு எஞ்சினுக்குள் எங்கேயோ விழுந்து, அதைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் நண்பன் என்னிடம் பேசவில்லை.

காருக்குள்ளும் ஒரு மைக் வைத்தேன். ஆனால் இப்போதைய ஸ்போர்ட்ஸ் கார்களில் உள்ளே கேட்பதை நம்பக்கூடாது. 2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் கொடுத்தது. கேபினுக்குள் வெளிச்சத்தம் வராமல் அவ்வளவு அடைத்துவிட்டு, பிறகு ஓட்டுகிறவருக்கு வருத்தமாக இருக்கிறதே என்று திரும்ப ஊற்றுகிறார்கள். இதற்கு நேர் எதிரே நிற்பது லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. பியானோவும் கிடாரும் செய்கிற யமஹாவின் ஒலி வல்லுநர்கள் அதன் காற்றுப் பாதையையும் புகைப் பாதையையும் வாத்தியத்தின் உடலை வடிவமைக்கிற மாதிரியே இழைத்தார்கள். மொத்தம் 500 கார்கள்தான். 4.8 லிட்டர், பத்து சிலிண்டர், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும்.

இந்த 9,000-ஐ வைத்து ஒரு சின்னக் கணக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். அப்படியானால் பத்து சிலிண்டருக்கு ஒரு சுற்றில் ஐந்து வெடிப்பு. விநாடிக்கு 150 சுற்று. ஆக விநாடிக்கு 750 வெடிப்பு. 750 ஹெர்ட்ஸ் என்பது பெண்குரல் நன்றாக மேலே எட்டிப் பிடிக்கிற ஸ்வரம். அந்தக் கார் ‘பாடுகிறது’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் உள்ளே நடப்பது பாட்டு இல்லை, அடி. நம் காதால் எண்ண முடியாத வேகத்தில் விழும் அடி. காது எண்ணிக்கையைக் கைவிட்டு அதை ஸ்வரமாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். காதில் விழுந்தது அன்று ராத்திரிதான்.

பதிவுகளில் மிக அலுப்பானது ஐட்லிங். நாலு நிமிடம், சும்மா நிற்கிற கார். இரண்டு குழாய்களையும் சேர்த்துக் கேட்டால் ஒரே சீரான முனகல். இடது மைக்கை மட்டும் தனியாகப் போட்டு, வேகத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தேன். மைக் பிடித்தது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் என்பதால், எட்டு மடங்கு இறங்கியதும் 2,500-க்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருட்டாக, கனமாக ஆகிவிட்டது. அந்த இருட்டுக்குள் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக விழுந்தது. தொம். மிருதங்கத்தின் இடது பக்கத் தோலை, தொப்பி என்பார்களே, அதை உள்ளங்கையால் அடித்த மாதிரி. ஆனால் சம இடைவெளியில் இல்லை.

தக தகிட தக த. தக தகிட தக த.

முதலில் என் எடிட்டில் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இல்லை. இந்த வகை வி8-இல் பிஸ்டன்கள் சேர்ந்து சுழற்றும் தண்டின், அதாவது கிராங்க் ஷாஃப்டின், முட்டிகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பி வைக்கப்பட்டிருக்கும்; அதிர்வு குறைவதற்காக. அதன் விளைவு, எட்டு சிலிண்டரும் சேர்ந்து பார்த்தால் சீராக வெடித்தாலும், ஒரு பக்கத்து நாலு சிலிண்டரை மட்டும் பிரித்துப் பார்த்தால் இடைவெளிகள் 180, 270, 180, 90 டிகிரி. தொண்ணூறை ஒரு மாத்திரை என்று வையுங்கள்: இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. கூட்டினால் எட்டு. இடது பக்கம் விட்ட இடங்களில் வலது பக்கம் வாசிக்கும். இரண்டும் சேர்ந்தால் காலி இடமே இல்லாத எட்டு. அமெரிக்க வி8-களின் அந்தத் தொண்டைக் கரகரப்புக்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம். ஃபெராரியின் வி8-களில் முட்டிகள் ஒரே தளத்தில் 180 டிகிரியில் இருக்கும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாக வெடிக்கும். அவை கரகரப்பதில்லை, கிறீச்சிடும். மஸ்டாங்கில் இரண்டு குழாய்களும் நடுவே ஒரு இடத்தில் கலந்துகொள்வதால் வலது பக்கத்து அடிகளும் மெல்ல, பக்கத்து வீட்டு டிவி மாதிரி, கேட்டுக்கொண்டிருந்தன. அது இன்னும் அழகாக இருந்தது.

சூடான பிறகு வண்டி நிமிடத்துக்கு 640 சுற்றில் நின்றிருந்தது. எட்டால் வகுத்தால் 80. கிராங்க் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றுவதை ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் ஆர்.பி.எம். (நிமிடத்துக்குச் சுற்று) என்பதும் பி.பி.எம். (நிமிடத்துக்குத் தட்டு) என்பதும் ஒன்றே. நிமிடத்துக்கு 80 தட்டு, ஒரு தட்டுக்கு நாலு மாத்திரை. நான்கு முறை திரும்பினால் எட்டு தட்டு, ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம். டெட்ராய்ட்காரர்கள் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்பீக்கரில் இதை முக்கால் மணி நேரம் ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்பது மறுநாள் காலை மாடிப்படியில்தான் உறைத்தது. எங்கள் மேல் வீட்டில் ஒரு மிருதங்க வாத்தியார் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“நேத்து ராத்திரி யாருப்பா அது வாசிச்சது?”

“சார், அது… கார் சார்.”

“கையில நல்ல கனம் இருக்கு. ஆனா காலப்பிரமாணம் நிக்கல. போயிண்டே இருக்கறப்போ திடீர்னு தொய்யறார், அப்புறம் ஓடறார், அப்புறம் சமாளிச்சுக்கறார்.”

வீட்டுக்குள் வந்து அளந்து பார்த்தேன். உண்மைதான். 80-ல் போய்க்கொண்டிருப்பது ஒரு இடத்தில் 77-க்கு விழுந்து, உடனே 83-க்கு ஏறி, மெல்ல 80-க்குத் திரும்பியது. சரியாக அந்த இடத்தில் வேறு ஒரு ‘டக்’ சத்தமும் இருந்தது. ஏசி. இருங்காட்டுக்கோட்டை வெயிலில் ஏசியை அணைக்கச் சொன்னபோது நண்பன் அணைத்துவிட்டதாகத் தலையாட்டியிருந்தான். கம்ப்ரஸர் கிளட்ச் சேரும்போது எஞ்சினுக்குச் சுமை கூடி வேகம் விழுகிறது, எஞ்சின் கம்ப்யூட்டர் பதறிப்போய்ப் பெட்ரோலைக் கூட்டுகிறது, பிறகு நிதானிக்கிறது. வாத்தியார் சுவர் வழியாகக் கண்டுபிடித்தது இதைத்தான்.

அதன் பிறகு அவர் மாலையில் கீழே இறங்கி வர ஆரம்பித்தார். எந்த வண்டி எப்படி வாசிக்கும் என்று கேட்பார். மூன்று சிலிண்டர் வைத்த சின்னக் கார்கள் எல்லாம் தகிட. நாலு சிலிண்டர் தகதிமி. ஐந்து சிலிண்டர் உண்டா என்றார். உண்டு, 1980-ல் வந்த ஆடி குவாட்ரோ ஐந்து சிலிண்டர், ராலிப் பந்தயங்களில் அதன் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்வார்கள் என்றேன். “கண்டம்,” என்றார் திருப்தியாக. தாளத்தில் ஐந்து எண்ணிக்கைக்கு அதுதான் பெயர். ஏழு சிலிண்டர் காரில் இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம். பழைய விமான எஞ்சின்களில் வட்டமாக ஏழு சிலிண்டர் வைத்தவை இருந்தன என்று சொல்லித் தேற்றினேன்.

தாளம் கிடைத்துவிட்டது. ஸ்வரத்துக்கு எங்கே போவது? ஐட்லிங் துண்டை வேகமாக ஓட்டினால் ஸ்வரம் ஆகும்தான். ஆனால் அது கீபோர்டில் வாசித்த மாதிரி ஒட்டாமல் நின்றது. அப்போதுதான் டிராக்கில் எடுத்த இன்னொரு வகைப் பதிவு நினைவுக்கு வந்தது. தடுப்புக்குப் பின்னால் நின்று, கார் என்னைக் கடந்து போவதை எடுத்தவை. ‘ஈஈஈஈ-யோவ்ம்’ என்று குழந்தைகள் பொம்மைக் காரை ஓட்டும்போது சொல்கிற அந்தச் சத்தம். வரும்போது ஸ்தாயி உயர்ந்து, கடந்ததும் இறங்கும். டாப்ளர் விளைவு, பத்தாம் வகுப்பில் ரயில் விசில் படம் போட்டு விளக்குவார்களே, அதேதான். படத்தில் ரயில் இருந்தது, எவ்வளவு இறங்கும் என்ற எண் இல்லை. அந்த எண்ணை அன்றுதான் போட்டுப் பார்த்தேன்.

முப்பது டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். கார் அதில் ஒன்பதில் ஒரு பங்கு வேகத்தில் போனால், வரும்போது கேட்கும் ஸ்வரத்துக்கும் போகும்போது கேட்கும் ஸ்வரத்துக்கும் உள்ள விகிதம் சரியாக 5:4. ஐந்துக்கு நாலு என்றால் அந்தர காந்தாரம். ஒன்பதில் ஒரு பங்கு எவ்வளவு? மணிக்கு 140 கிலோமீட்டர். அதாவது 140-ல் என்னைக் கடக்கிற எந்தக் காரும், லாரியும், ஆம்புலன்ஸும் அந்தர காந்தாரத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கித்தான் போக வேண்டும். வேறு வழியே இல்லை.

பேப்பரை எடுத்து மற்றதையும் போட்டேன். 74 கிலோமீட்டரில் சதுஸ்ருதி ரிஷபம். 114-ல் சாதாரண காந்தாரம். 180-ல் சுத்த மத்தியமம். 251-ல் பஞ்சமம். 314-ல் சதுஸ்ருதி தைவதம். மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜத்துக்கு முழு ஸ்தாயி இறங்க வேண்டுமானால் 419. புகாட்டி வேரான் சூப்பர் ஸ்போர்ட் 2010-ல் 431-ஐத் தொட்டது. அது ஸ்தாயியையும் கொஞ்சம் தாண்டிப் பாடியிருக்கும்.

நண்பனை மறுபடியும் டிராக்குக்கு இழுத்தேன். இந்தத் தடவை என் பணம்.

“இந்த ரவுண்டு 74-ல வா.”

“எழுபத்தி நாலா? எங்கப்பா ஸ்கூட்டர்ல போவாருடா.”

“சரியா 74. க்ரூஸ் கண்ட்ரோல் போட்டுக்கோ. என்னைத் தாண்டுறப்போ கியர் மாத்தாதே.”

“பின்னாடி ஒருத்தன் ஸ்விஃப்ட்ல வர்றான். அவன் என்னை ஓவர்டேக் பண்ணினா நீ பொறுப்பு.”

பண்ணினான். பதிவில் அதுவும் இருக்கிறது: மஸ்டாங்கின் ரிஷபத்துக்கு மேலே ஒரு ஸ்விஃப்ட்டின் காந்தாரம்.

வேகம் சீராக இருக்க வேண்டும், எஞ்சினும் சீராக இருக்க வேண்டும், டயர் சத்தம் மூடிவிடாமல் இருக்கக் குறைந்த கியரில் வர வேண்டும். இருபது ரவுண்டில் ஏழு தேறியது. ஒன்றைத்தான் கணக்கு எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஸ்வரம் எவ்வளவு இறங்கும் என்பதை வேகம் முடிவு செய்கிறது. எப்படி இறங்கும் என்பதை நான் நிற்கும் இடம் முடிவு செய்கிறது. பாதைக்கு ஐந்து மீட்டரில் நின்றால் சட்டென்று விழுகிறது. நாற்பது மீட்டர் தள்ளி, புல்வெளிக்கு அப்பால் நின்றால், நீளமாக வழுக்கி இறங்குகிறது. பாடகர்கள் ஜாரு என்பார்களே, அது. மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தால் கமகம் நீள்கிறது. இசையமைப்பு என்ற பெயரில் நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையான விஷயம் அந்த நடைதான்.

180-ஐ அவனால் அந்த நேர்ப்பாதையில் தொட முடியவில்லை, மத்தியமம் போயிற்று. போனால் போகட்டும், சாதாரண காந்தாரத்தையும் விட்டுவிட்டால் ஸ, ரி, க மிஞ்சும். மோகனத்தின் முதல் மூன்று படி. மோகனத்துக்கு மத்தியமமே தேவையில்லை. பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் 251-ம் 314-ம் வேண்டும். அதற்கு ஃபார்முலா ஒன் நடக்கும்போது மோன்ஸா போய் நிற்க வேண்டும். நான் 140 பதிவையே கம்ப்யூட்டரில் நீட்டி அந்த இரண்டையும் செய்துகொண்டேன். கேட்டால் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

மிச்சம் எல்லாம் சில்லறை வேலை, சீரியலில் பழகியது. கதவு சாத்தும் சத்தத்தின் முன் நுனியை ஷெஃபர் மணிக்குச் செய்த மாதிரி வெட்டினேன். ஒரு பேஸ் கிடாரின் நீண்ட கார்வை வந்தது. டிக்கிக்குள் பலூன் உடைத்து, அந்த எதிரொலியின் அச்சை எடுத்து, எல்லாச் சத்தத்துக்கும் அதையே அறையாகப் பூசினேன். அதனால் முழுப் பாட்டும் அந்த டிக்கிக்குள் நடக்கிறது. சீட் பெல்ட் உருவும் ‘ஸ்ர்ர்’ ஹை ஹாட். வண்டியை அணைத்த பிறகு புகைக்குழாய் குளிரும்போது உலோகம் சுருங்கி ‘டிக்… டிக்’ என்று சொடுக்குமே, அது முதலில் அடுக்கடுக்காக, பிறகு இடைவெளி விட்டு விட்டு, கடைசியில் மறந்துபோன மாதிரி. அதை அப்படியே தொடாமல் பாட்டின் முடிவில் வைத்தேன். நாலு நிமிடப் பாட்டில் எஞ்சின் முழுமூச்சில் உறுமும் இடம் ஒன்றுகூட இல்லை.

நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நெகிழ்ந்துவிட்டான் என்று நினைத்தேன்.

“நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா கார் சத்தமே இல்லையே?”

விளக்கினேன். ஒரு பக்கத்து நாலு சிலிண்டர், கிராங்க் ஷாஃப்ட், ஒன்பதில் ஒரு பங்கு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆரம்பத்துல ஒரு தடவை ‘வ்ர்ரூம்’னு வெச்சிடேன்,” என்றான். கல்யாண மாப்பிள்ளை. காலையில் குளிர்ந்த எஞ்சின் முதலில் ஸ்டார்ட் ஆகும் நாலு விநாடியை எடுத்து முன்னால் ஒட்டினேன்.

ரிசப்ஷன் அன்று ஈசிஆர் மண்டப வாசலில் ஸ்பீக்கர்கள், புகை மெஷின், ட்ரோன். அந்த நாலு விநாடிக்குக் கூட்டம் கத்தியது. அதற்குப் பிறகு தாளம் உள்ளே வருகிற இடத்தில் மாப்பிள்ளை உற்சாகத்தில் நிஜ ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டான். பாட்டில் அடுத்த ஒரு நிமிடம் யாருக்கும் கேட்கவில்லை. கடைசி ‘டிக் டிக்’ வரும்போது நாதஸ்வரக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அவன் ரிங்டோன் அந்த நாலு விநாடிதான்.

மேல் வீட்டு வாத்தியார் மட்டும் அடுத்த வாரம் பென் டிரைவோடு வந்தார். தாளம் மட்டும் வேண்டும், ஸ்வரம் வேண்டாம், அரை மணி நேரத்துக்கு நீட்டிக் கொடு என்றார். கொடுப்பதற்கு முன்னால் அந்த ஏசி விழுகிற இடத்தை வெட்டிச் சீராக்கித் தருகிறேன் என்றேன்.

“ஐயோ, அதை எடுத்துடாதே. பசங்க அங்கதான் தடுக்கறா.”

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாடியில் ஆரம்பிக்கிறது. முதலில் தொம் தொம் என்று மஸ்டாங், அதற்கு மேல் எட்டு மிருதங்கம். கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று ஏசி சேரும். இரண்டு மிருதங்கம் முன்னால் ஓடும், ஒன்று நிற்கும், வாத்தியார் தொடையில் பலமாகத் தட்டுவார்.